யோசனைக்குக் கூலி கொடுப்பவர் யார்?

விவசாயிகளின் துயரத்தைப் பற்றிப் பேசாத அரசியல் மேடை நமது நாட்டில் இல்லை. கடன் தள்ளுபடி, நெல்லுக்கு நியாய விலை, ஏரி மராமத்து ஆகிய யாவும் அம்மேடைகளில் இடம் பெறுகின்றன, பெறவும் வேண்டும். ஆனால், நடவு முடிந்து ஐம்பது அறுபது நாளான வயலில் பயிர் திட்டுத் திட்டாகப் பழுத்துக் காய்வதைக் கண்டு, அது பூச்சியா, நோயா, சத்துக் குறைவா என்று விளங்காமல் வரப்பின்மீது நிற்கும் குடியானவர் அன்று மாலை யாரிடம் போய்க் கேட்கிறார் என்ற கேள்வியை நமது ஊழியர்கள் கேட்பதில்லை. அற்பமான கேள்வி என்று கருதுகிறார்கள் போலும். ஒரு போகத்தின் லாப நஷ்டம் அநேகமாக அந்த மாலைப் பொழுதில்தான் நிர்ணயமாகிறது என்பது நமது அபிப்பிராயம்.

அவர் போகுமிடம் உரக்கடை. அது அருகில் இருக்கிறது. இருட்டும் வரை திறந்திருக்கிறது. முகம் தெரிந்தவருக்குக் கடனும் கிடைக்கிறது. கடைக்காரரை வைவது நமது நோக்கமன்று. அவர் ஊராரோடு ஊராராய் வாழ்பவர்; பலர் அனுபவசாலிகள். அவர்களுக்கென்றே ஓராண்டுப் பட்டயப் படிப்பு ஒன்றை ஹைதராபாத்திலுள்ள மத்திய சர்க்காரின் ‘மானேஜ்’ நிறுவனம் 2003-இல் ஏற்படுத்தியது. எனினும் ஒரு விஷயத்தை மறைத்துப் பயனில்லை. கடைக்காரரின் யோசனைக்குத் தனியே கூலி கிடையாது. அக்கூலி புட்டியின் விலைக்குள் அடங்கியிருக்கிறது. “இப்போது ஒன்றும் தெளிக்க வேண்டாம், மூன்று நாள் பொறுத்து மறுபடியும் தூரைப் பிரித்துப் பாரும்” என்று அவர் சொல்வாரானால், வந்தவர் ஒன்றும் வாங்காமல் திரும்புவார், சொன்னவருக்கு ஒரு காசும் மிஞ்சாது. பயிர்த்தொழிலில் அநேக சமயங்களில் விலைமதிப்பற்ற யோசனை இந்த ‘வேண்டாம்’ என்பதே. அதை விற்பவர் ஒருவரும் கிடையாது. வாங்குவதற்கு நாம்தான் ஏற்பாடு செய்து கொள்ள வேண்டும்.

இது வெறும் தர்க்கமன்று என்பதற்குப் புகையானே சாட்சி. நெற்பயிரின் தூரில், நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும் சிறு தத்துப்பூச்சி அது. வயலின் நடுவே வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்து நிற்கும்போதுதான் வரப்பில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரிய வருகிறது. பதறிப்போய் மேலாகத் தெளிக்கும் மருந்து தூர்வரை இறங்குவதில்லை. இலைத்தாளுக்குள் பொதிந்திருக்கும் முட்டைகளும் தப்பிவிடுகின்றன. மடிவன எவை? புகையானைத் தின்று வாழும் சிலந்திகளும், அதன் முட்டைகளை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகளுமே. காவலற்ற வயலில் பொரிக்கும் குஞ்சுகள் முன்னிலும் பன்மடங்காகப் பெருகுகின்றன. பைரித்ராய்டு வகை மருந்துகள் இவ்விதம் புகையானை மறுபடி கிளப்பிவிடுவதால் அவற்றைத் தவிர்க்க வேண்டுமென்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே எச்சரிக்கிறது. அளவு மீறிய யூரியாவும், இடைவெளியின்றி நெருங்கிய நடவும் இப்பூச்சிக்குப் பந்தி விரித்தது போலாகும்.

அப்படியானால் மருந்தே கூடாதா? அதுவும் மூட நம்பிக்கையே. எப்போது தெளிப்பது, எப்போது சும்மா இருப்பது என்பதற்குக் கணக்கு உண்டு. சிலந்தி இல்லாத வயலில் தூர்க்கிளை ஒன்றுக்கு 1 புகையான். குத்து ஒன்றுக்கு ஒரு சிலந்தி இருக்குமானால் கிளைக்கு 2 புகையான். அந்த அளவை எட்டினால்தான் மருந்தின் செலவுக்குப் பலன் உண்டு என்பது பல்கலைக்கழகத்தின் நிர்ணயம். தண்டுத் துளைப்பானுக்குச் சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல்கள், அல்லது நூற்றுக்குப் பத்து நடுக்குருத்துக் காய்தல். இலைச்சுருட்டுப் புழுவுக்குப் பயிர் வளரும் பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலைகள், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் நூற்றுக்கு ஐந்து. சிலந்தியின் தலையை எண்ணிவிட்டு மருந்தைத் தீர்மானிக்கும் இக்கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். இதைக் கடை மேஜையின் மறுபுறத்தில் அமர்ந்து போட முடியாது. வாரந்தோறும் சேற்றில் இறங்கி, குறுக்கும் நெடுக்குமாக நடந்து, தூரைப் பிரித்து எண்ணுகிற ஒருவர் வேண்டும்.

அவ்விதம் எண்ணத் தெரிந்தவர், பூச்சி வருமுன்பே செய்யத்தக்கவற்றையும் சொல்வார்: நடவின்போது இரண்டரை மீட்டருக்கு ஒரு பட்டமாக 30 சென்டிமீட்டர் வெற்றிடம் விடுவது, தழைச்சத்தைப் பங்கிட்டு இடுவது, புகையான் தலைகாட்டினால் முதலில் நீரை வடிப்பது. இவற்றுள் எதையும் புட்டியில் அடைத்து விற்க இயலாது. பயிர் வெளுப்பதெல்லாம் பூச்சியினால் என்றும் நினைப்பதற்கில்லை. நட்ட சில வாரங்களில் இளம் பயிர் வெளுத்து, இலையில் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, வளர்ச்சி குன்றினால், அது பெரும்பாலும் துத்தநாகக் குறைவாகவே இருக்கக்கூடும்; ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இட்டுத் தீர்க்க வேண்டிய குறை அது. அதற்குப் பூச்சிமருந்து தெளிப்பது, பசித்த குழந்தைக்குப் பேதி மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். கடலை ஒட்டிய கிராமங்களிலோ கிணற்று நீரில் உப்பு ஏறிவருகிறது. பயிர் காய்வதற்கு நீரே காரணமாயிருக்க, இலையைப் பார்த்து மருந்து சொல்பவர் என்ன செய்வார்?

ஒரு தேசமே இப்பாடத்தைப் படிக்க நேர்ந்த சரித்திரமும் உண்டு. இந்தோனேசியாவில் பூச்சிமருந்துக்குச் சர்க்கார் பெரும் மானியம் கொடுத்து வந்தது. மருந்து பெருகப் பெருகப் புகையானும் பெருகிற்று. கடைசியில் 1986-ஆம் ஆண்டு அதிபர் சுகார்த்தோ, நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்து உத்தரவிட்டார். சில ஆண்டுகளுக்குள் மானியமும் நீக்கப்பட்டது. 1989 முதல் வயல்வெளியையே பள்ளிக்கூடமாக்கி, குடியானவர்களுக்குப் பூச்சி எண்ணக் கற்பித்தார்கள். மருந்து குறைந்ததால் விளைச்சல் குறையவில்லை. சர்வாதிகாரியின் உத்தரவினால் நடந்த காரியத்தை நாம் கூடிப் பேசிச் செய்து கொள்ள முடியாதா என்பதே கேள்வி.

இனி நமது புதுச்சேரியின் நிலையைப் பார்ப்போம். இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம், ‘கிருஷி விக்ஞான் கேந்திரா’ என்று வழங்குவது, நிறுவப்பட்டது தில்லியிலும் அல்ல, பஞ்சாபிலும் அல்ல. 1974-இல் இதே புதுச்சேரியில், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தில். விவசாயக் கல்வியைக் கிராமத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்று 1964-66 கல்விக் கமிஷன் சொன்ன யோசனையும், மோகன் சிங் மேத்தா தலைமையில் 1973-இல் அமைந்த குழுவின் ஆய்வும் இதற்கு மூலங்கள். இங்கே ஊன்றிய விதை இன்று நாடெங்கும் எழுநூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களாக வளர்ந்திருக்கிறது. நமது நிலையம் காமராஜரின் பெயர் தாங்கிக் குரும்பாப்பேட்டில் இயங்குகிறது. காரைக்காலில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. கிராமங்களில் வேளாண் துறையின் உழவர் உதவியகங்கள் இருக்கின்றன. சிறு பிரதேசத்துக்கு இவை குறைவான ஸ்தாபனங்கள் அல்ல.

ஆயினும் ஸ்தாபனம் இருப்பது வேறு, அதன் யோசனை வரப்பை எட்டுவது வேறு. தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2003-இல் நாடு முழுவதும் விவசாயக் குடும்பங்களை விசாரித்தது. நவீன முறைகளைப் பற்றி ஏதேனும் ஒரு வழியில் தகவல் பெற்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 40 பேரே. உரம், மருந்து விற்பவரிடம் கேட்டவர்கள் நூற்றுக்கு 13.1; சர்க்காரின் விரிவாக்க ஊழியரிடம் கேட்டவர்கள் 5.7, வேளாண் அறிவியல் நிலையத்திடம் கேட்டவர்கள் 0.7. இவை அகில இந்தியக் கணக்குகள். பல ஆண்டுகளுக்கு முந்தியவையுங்கூட. அதன்பின் 2004-இல் தொலைபேசி வழி யோசனை கூறும் ‘கிசான் கால் சென்டர்’ வந்தது; இப்போது பயிரைப் படம் பிடித்து அனுப்பவும் வசதியுண்டு. நல்லதே. ஆனால் படத்தில் இலை தெரியும், தூர் தெரியாது. குறையை ஊழியர்களின்மேல் மட்டும் சுமத்துவதும் நியாயமன்று. மானியப் பட்டியல், பயிர்க் கணக்கு, திட்ட அறிக்கை, விழா ஏற்பாடு என்று அவர்களுடைய நாள் கழிகிறது. ஒரே வயலை வாரந்தோறும் பார்க்க எவருக்கு அவகாசம்?

எனவேதான், பயிர் ஆலோசகர் ஒருவரைக் குடியானவர்கள் தாங்களே கூலி கொடுத்து அமர்த்திக் கொள்ள வேண்டும் என்கிறோம். மேல்நாடுகளில் இது பழகிய வழக்கம். அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாகாணத்தில் டுவைட் ஐஸ்லி என்ற பூச்சியியல் பேராசிரியர், 1920-களிலேயே, பருத்தியின் காய்க் கூன்வண்டை வயலில் இறங்கி எண்ணி, அளவு மீறிய இடத்தில் மட்டும் மருந்திடும் முறையைப் பரப்பினார்; எண்ணுவதற்கு மாணவர்களை அமர்த்தினார். அந்த எண்ணும் வேலையே நாளடைவில் ஒரு தொழிலாயிற்று. ஏக்கருக்கு இவ்வளவு என்று கட்டணம் பெற்று, எந்தச் சரக்கையும் விற்காமல், யோசனை மட்டும் கூறும் ஆலோசகர்கள் 1978-இல் தங்களுக்கென ஒரு தேசியச் சங்கமும் கண்டார்கள். நம் நாட்டிலும் 2002-இல் மத்திய சர்க்கார், விவசாயப் பட்டதாரிகள் கட்டணம் பெற்று யோசனை கூறும் ‘அக்ரி கிளினிக்’ திட்டத்தைத் தொடங்கிற்று. அதே திட்டத்தில் உரம், மருந்து விற்பனைக்கும் இடம் வைத்ததுதான் நமக்கு உடன்பாடில்லாத அம்சம். வைத்தியரும் மருந்துக்கடை முதலாளியும் ஒருவரே ஆனால் நோயாளி எவ்விதம் நம்புவார்?

“ஐயா, அமெரிக்காவில் ஆயிரம் ஏக்கர் வைத்திருப்பவன் ஆலோசகனை வைத்துக் கொள்வான். இங்கே ஒன்றரை ஏக்கர்க்காரர் கூலி கொடுத்து ஆள் வைப்பதா?” என்று கேட்பார்கள். நியாயமான ஆட்சேபமே. தனியொருவர் வைக்க முடியாது. சேர்ந்து வைக்க முடியும். ஏற்ற மதிப்புக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏரியின் பாசனத்தில் 300 ஏக்கர் சேருவதாகக் கொள்வோம். ஏக்கருக்குப் போகம் ஒன்றுக்கு 300 ரூபாய் வைத்தால் 90,000 ரூபாய் ஆகிறது. நான்கு மாதப் போகத்துக்கு மாதம் 22,500. விவசாயப் பட்டயம் பெற்று வேலையின்றி இருக்கும் உள்ளூர் இளைஞர் ஒருவரை அமர்த்த இது போதுமான தொடக்கம். நாளொன்றுக்கு 50 ஏக்கர் வீதம் அவர் ஆறு நாளில் ஆயக்கட்டு முழுவதையும் சுற்றி வரலாம். வீணாக ஒரு தரம் ஏக்கருக்கு மருந்து தெளிப்பதற்கு, மருந்து விலையும் தெளிப்புக் கூலியுமாக என்ன ஆகிறது என்பதை நேயர்களுள் விவசாயிகளாயிருப்பவர்கள் தாமே ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

திறமைக்குச் சேர்ந்து கூலி கொடுப்பது நமக்குப் புதிய பழக்கமுமன்று. தமிழ்நாட்டு ஏரிப் பாசனக் கிராமங்களில் நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் வழங்கிய ஒருவர், மடை திறந்து, முறை வைத்து, தலைமடைக்கும் கடைமடைக்கும் நீர் பங்கிட்டு வந்தார். அவருக்குக் கூலி எந்த ஒரு மிராசுதாரின் வீட்டிலும் அல்ல, களத்துமேட்டில், எல்லோருடைய குவியலிலிருந்தும் அளக்கப்பட்டது. அதனாலேயே அவர் எந்த ஒருவருடைய ஆளாகவும் இல்லாமல், எல்லோருக்கும் பொதுவாக இருக்க முடிந்தது. கொல்லருக்கும் தச்சருக்கும் அப்படியே. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இப்பிரதேசத்து ஏரிகளின் பராமரிப்பில் பாசனதாரர் சங்கங்களுக்கும், ‘கேஸ் கொம்யூன்’ என்ற பொது நிதிக்கும் பங்கிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999-இல் ஆரம்பித்த ஏரிப் புனரமைப்புத் திட்டத்திலும், இங்குள்ள 84 ஏரிகளுக்கு ஏரிச் சங்கங்களை முன்னிறுத்தியே வேலை நடந்தது. நீருக்கு ஒருவரைப் பொதுவில் அமர்த்தியவர்கள் பயிருக்கும் அமர்த்தலாம். பாகூர் ஆயக்கட்டு போன்ற செழிப்பான இடம் இதற்கு முதலில் முன்வருமானால் மற்றவை பின்தொடரும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

கீழூர் என்ற பெயர் நமது அரசியல் ஊழியர்களுக்குத் தெரியாததன்று. 1954-ஆம் வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி 178 பிரதிநிதிகள் கூடி, அவர்களில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்த ஊர் அது. அதே கீழூரில், அவ்வாக்கெடுப்பு நடந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின், இன்னொரு பரிசோதனையும் நடந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாக வைத்து, கீழூர், ஏம்பலம், வீராம்பட்டினம் முதலிய கிராமங்களில் கணினி வழியே தகவல் தரும் அறிவு மையங்களை ஏற்படுத்திற்று. ஏம்பலத்தில் அம்மையம் கோயில் இடத்திலேயே அமைந்தது. விலைவாசி, சர்க்கார் திட்டங்கள், மீனவர்களுக்குக் கடலின் அலை உயரம் ஆகியவை உள்ளூர் மக்கள் வாயிலாகவே, தமிழிலேயே சொல்லப்பட்டன. சொன்னவர்களில் பெண்கள் பலர். தமது ஊராள், தமது பாஷையில், லாப நோக்கமின்றிச் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள் என்பதை அது காட்டிற்று. ஆனால் தகவல் வேறு, நிதானித்தல் வேறு. யூரியாவின் விலையைக் கணினி சொல்லும். இந்த வயலுக்கு இந்த வாரம் யூரியா வேண்டுமா என்பதை, இலை வண்ண அட்டையோடு வயலில் இறங்கி, பயிரின் பச்சையை ஒப்பிட்டுப் பார்ப்பவரே சொல்ல வேண்டும்.

ஆலோசகரை அமர்த்துவதில் சில எச்சரிக்கைகள் அவசியம். அவருக்கோ அவருடைய நெருங்கிய உறவினருக்கோ உரக்கடை இருக்கலாகாது; எந்தக் கம்பெனியிடமும் கமிஷன் பெறலாகாது; இவ்விரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொள்ள வேண்டும். விளைச்சலில் இத்தனை பங்கு என்று கூலி பேசுவது மேலோட்டத்தில் நியாயமாகத் தோன்றும். அதை நாம் ஆதரிக்கவில்லை. பங்குக்கு வேலை செய்பவர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மருந்தை அதிகமாகவே சொல்லப் பார்ப்பார். ஏனெனில் மருந்துச் செலவு அவருடையதன்று. கட்டணம் ஏக்கருக்கு நிலையாக இருப்பதே மேல். குத்தகைதாரரைச் சங்கத்துக்குப் புறம்பாக நிறுத்துவதும் கூடாது. பட்டா ஒருவர் பெயரில் இருக்க, சேறு மிதிப்பவர் வேறொருவராக இருப்பது இங்கு சர்வ சாதாரணம். யோசனை யாருக்கு வேண்டுமோ அவருடைய பெயரிலேயே ரசீது எழுத வேண்டும். களை எடுக்கும் பெண்களிடம் ஆலோசகர் பேசிப் பழக வேண்டும். எந்த மூலையில் குருத்து காய்கிறது, எங்கே வெண்கதிர் தலைநீட்டுகிறது என்று முதலில் காண்பவர்கள் அவர்களே. நிலத்துக்காரருக்குச் செய்தி பிறகுதான் போகிறது.

அவருடைய யோசனை தவறிவிட்டால் என்ன செய்வது? தவறக்கூடும். ‘பொறும்’ என்று சொன்ன வாரத்தில் மழையும் மூட்டமுமாகச் சேர்ந்து பூச்சி பெருகிவிடுவதும் உண்டு. ஆலோசகர் தெய்வமல்லர். கடையில் சொன்ன யோசனை தவறும்போது எழுத்தில் ஒன்றும் இருப்பதில்லை. மறு போகத்தில் அதே தவறு மறுபடி விற்கப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு வயலுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். தேதி, பயிரின் வயது, எண்ணிய பூச்சி, எண்ணிய சிலந்தி, சொன்ன யோசனை, விவசாயி உண்மையில் செய்தது ஆகியவற்றை இரண்டு பிரதிகளாக எழுதி, ஒன்றைக் குடியானவரிடமும் மற்றொன்றைச் சங்கத்திலும் வைக்க வேண்டும். சந்தேகம் தீராத இடத்தில் ஆலோசகர் அந்நோட்டையும் பயிரின் மாதிரியையும் எடுத்துக்கொண்டு குரும்பாப்பேட்டுக்குப் போகலாம். அங்குள்ள நிபுணர்களுக்கும் வெறும் வாய்ச்சொல்லுக்குப் பதிலாக ஆறு வாரக் கணக்கு கையில் கிடைக்கும்.

சம்பாவுக்கு நாற்று விடுமுன் இதைச் செய்து கொள்ள அவகாசம் இருக்கிறது. ஏரிச் சங்கம் இருக்கும் ஊர்களில் அதன் கூட்டத்திலும், இல்லாத ஊர்களில் கோயில் மண்டபத்திலும் இருபது முப்பது பேர் உட்கார்ந்தால் போதும். அன்று முதலில் தீர்மானிக்க வேண்டியது ஆலோசகரின் பெயரைக்கூட அன்று. ஏக்கருக்கு எவ்வளவு, அதை வசூலிப்பவர் யார், பணம் எவர் பெயரில் எந்த வங்கியில் கிடக்கும் என்பவற்றையே.